சட்டப்பைக்குள்ள ஒரு குஞ்சு

லிங்கத்துரையோட சட்டப்பையில ஒரு குருவிக்குஞ்சு கெடக்கு. மாமனார் வீட்டுல எடுத்துக் குடுத்த வெள்ளச் சட்டை, இன்னும் கஞ்சி மொடமொடப்புகூடப் போகல, அதுல நெஞ்சுக்கு நேரா இருக்குற பைக்குள்ள, கொண்டக்குருவிக் குஞ்சு ஒண்ணு, உசுரோட. தொர முன்னால தலவாழ எல விரிச்சிருக்கு. ஓரத்துல உப்பு, அதுக்கடுத்து ஊறுகா, ஒரு அவிச்ச முட்டை, நடுவுல ஆவி பறக்கச் சோறு. வலது பக்கம் மாமனார் தங்கப்பழம் சம்மணம் போட்டு உக்காந்திருக்காரு. அவருக்கு அங்கிட்டு அவரோட அண்ணன், பெரிய மாமா, காது கொஞ்சம் மந்தம், வாய் மந்தமில்ல. மாமியா குனிஞ்சு குனிஞ்சு பரிமாறுதாவ. கொழுந்தியா பொன்செல்வி தண்ணிச் செம்ப வச்சுக்கிட்டு நிக்கா. அடுக்களை வாசல்ல பொண்டாட்டி ஜெயக்கனி, கண்ணு ரெண்டையும் புருசன் வாய் மேலயே வச்சுக்கிட்டு நிக்கா. காலையில பஸ்ஸுல வரும்போதே சொல்லியாச்சு, "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் பகடி பேசாம சாப்பிட்டு வாங்க, உங்க கால்ல வேணா விழுதேன்." அவ காவல் காக்குறது வாய. பாவம், அவளுக்குத் தெரியல, இன்னைக்கு வம்பு வாயில இல்ல, பையில இருக்கு. இந்தா, இப்பவும் ஒரு பகடி வந்து நிக்குது பாரு, நீயெல்லாம் ஒரு மனுசனான்னு லிங்கத்துரை தன்னத்தானே காறித் துப்பிக்கிட்டான். துப்புனது உள்ளுக்குள்ள. வெளிய பல்லுதான் தெரிஞ்சுது.

குஞ்சு பெரண்டுச்சு. நகம் பைத்துணியில மாட்டி மாட்டி வருது. சூடு. இத்தினிக்காணு உருப்படிக்கு இம்புட்டுச் சூடு எங்கேருந்து வருதோ. அதோட நெஞ்சும் இவன் நெஞ்சும் ஒரே துணிக்கு ரெண்டு பக்கமும் நின்னு தட்டுது, எது யாரு தட்டுறதுன்னே தெரியல. நானா எடுத்துப் போட்டேன், இல்லயே, கைதான போட்டுச்சுன்னு நெனச்சான். அப்புறம் கை யாரோடதுலன்னு கேட்டான். வாசல் ஷெட்டுல கேபிள் வயரச் சுருட்டி ஒரு கொக்கியில மாட்டியிருக்கு, அந்தச் சுருளுக்குள்ளதான் கூடு. புல்லும் வேரும் சிலந்தி நூலும் வச்சுக் கட்டுன சின்னக் கிண்ணம். கை கழுவ வெளிய வந்தவன் கழுவிட்டு உள்ள போயிருக்கலாம்ல. போகல. கூட்டாளிங்க குரூப்புல ஒரு போட்டோ போடணும், கீழ 'எங்க மாமியா வீட்டுக்கு எனக்கு முன்னாலயே வந்து குடியேறிட்ட வீட்டோட மாப்பிள்ள'ன்னு எழுதணும், எழுதத் தெரியாட்டி என்ன, வாய்ஸ்ல சொல்லிக்கிடலாம், அவனுவ விழுந்து விழுந்து சிரிப்பானுவ. செல்போனத் தூக்கிப் பிடிச்சான். முழங்கை வயர்ல இடிச்சுது. கூடு சாஞ்சுது. குஞ்சு பொத்துன்னு வந்து இவன் நெஞ்சுல விழுந்து, விழுந்த வேகத்துல சட்டையைப் பத்திக்கிட்டு, வாயைத் தொறந்து இவன் மூஞ்சியப் பாத்துச்சு. அந்நேரம் உள்ளேருந்து மாமனார் குரல், "மாப்ள, எல போட்டாச்சு." அவ்வளவுதான். வாசல்ல செருப்புச் சத்தம். கை குஞ்ச அள்ளிப் பைக்குள்ள சொருகிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி தொங்கிருச்சு. திருட்டுக் கை. பிளாஸ்டிக் கொடம், வாளி, மக்குன்னு குட்டியானை வண்டியில மைக்கு கட்டி ஊர் ஊரா வித்த கை. ஒரு டம்ளர் களவாண்டது கெடையாது. இன்னைக்கு மாமியா வீட்டுல குருவி களவாங்கிருக்கு.

"கொழம்பு ஊத்தட்டுமா மாப்ள"ன்னு மாமியா கேட்டாவ. ஊத்துனாவ. நாட்டுக்கோழி. "காலு உங்களுக்குன்னு எடுத்து வச்சேன்"னு ஒரு தொடையத் தூக்கிச் சோத்து மேல வச்சாவ. லிங்கத்துரை அந்தக் காலப் பாத்தான். பைக்குள்ள ஒரு காலு துணியப் பிராண்டுது. எலையில ஒரு காலு மசாலாவோட படுத்திருக்கு. "சாப்பிடுங்க, கூச்சப்படாதிய"ன்னாவ. கூச்சமா. இந்த அத்த அந்தக் குருவிக்காக என்னென்ன பாடுபட்டாவ. கல்யாணம் முடிஞ்சு ஜெயக்கனி கெளம்பி வந்த மறுநாளு இந்தக் கொண்டக்குருவி வயர்ச் சுருளுக்குள்ள புல்லக் கொண்டாந்து வச்சுதாம். அதுலேருந்து ஷெட்டுல லைட் போடல, காத்தாடி போடல, கொடிக்கயத்த அவுத்துப் பின்வாசல்ல கட்டியாச்சு, மாமா ராத்திரி வண்டிய உள்ள விடாம தெருவுல நிப்பாட்டுதாரு. தெனமும் போன்ல மவகிட்டப் பேச்சு வேற என்ன. ஏளா, முட்டை போட்டுட்டா. ஏளா, செவப்புப் புள்ளி புள்ளியா இருக்குட்டி, அம்மைபோட்ட முட்டை மாதிரி. ஏளா, பொரிச்சிட்டா. சாப்பிட்டியான்னு மவளக் கேக்குறதுக்குக் கூச்சப்பட்டு அந்தப் பொம்பளை குருவி சாப்பிட்ட கதைய சொல்லிக்கிட்டு இருந்தாவ. அது இவனுக்குத் தெரியாதா என்ன. தெரிஞ்சேதான் போன வச்ச பெறகு மாமியா கொரல்ல, "ஏளா, முட்டை போட்டுட்டாளா, மருமவன் எப்பப் போடுவாவ"ன்னு பேசிக் காட்டுவான். ஜெயக்கனி சிரிப்பா. சிரிச்சுக்கிட்டே இருந்தவ ஒருக்க சீலத் தலப்ப வாயில வச்சுக்கிட்டு மொகத்தத் திருப்பிக்கிட்டா. அன்னைக்காவது நிறுத்துனானா. அவ திரும்புறது வரைக்கும் இன்னொருக்க பேசிக் காட்டுனான். அந்தக் குருவியோட மூணு முட்டையில ஒண்ணு பொரிக்கல. ஒண்ணக் காக்கா தூக்கிட்டுப் போச்சு. மிஞ்சுனது இந்த ஒண்ணுதான். காக்கா தூக்குன அன்னைக்கு மாமியா ராவும் பகலும் ஒரு கம்ப வச்சுக்கிட்டு ஷெட்டுல உக்காந்திருந்தாவளாம். அந்தக் காக்காவுக்காவது பசிச்சுது. எனக்கு என்ன பசிச்சுது.

எந்திரிச்சுப் போய் வச்சிரலாம். ஒரு நிமிசம், கைகழுவுற மாதிரி. எப்படி எந்திரிப்ப. எலையில உக்காந்த மாப்பிள்ள பாதியில எந்திரிச்சா இந்த ஊருல அதுக்கு ஒரே அர்த்தந்தான். கல்யாணப் பந்தியில மைக்கக் கையில வாங்கி, "பாயாசத்துல முந்திரிப்பருப்பக் கண்டுபிடிச்சுக் குடுக்குறவங்களுக்கு எங்க மாமனார் மோதிரம் போடுவாரு"ன்னு சொன்னது யாரு. இவந்தான். பந்தியே சிரிச்சுது. மாமனார் பாயாச வாளியக் கையில வச்சுக்கிட்டு நின்னாரு. சிரிக்கவும் தெரியாம, வாளியக் கீழ வைக்கவும் தெரியாம நின்னாரு. பொண்ணு வீட்டுக்காரன் ஒருத்தன் பதிலுக்கு ஒண்ணு சொல்ல, லிங்கத்துரையோட சித்தப்பா எலைய விட்டு எந்திரிச்சாரு. அவரு எந்திரிக்க அந்த வரிசையே எந்திரிச்சுது. அன்னைக்கு அறுந்தது சொந்தம். ரெண்டு வீட்டுக்கும் நடுவுல நடந்து நடந்து ஜெயக்கனி முடிச்சுப் போட்டு இந்த விருந்துக்குக் கொண்டாந்து நிப்பாட்டியிருக்கா. இன்னைக்கும் நம்ம ஆளு பாதியில எந்திரிச்சா சோத்துல குத்தம்னு அர்த்தம், சொந்தத்துல குத்தம்னு அர்த்தம். சரி, அப்ப வாயத் தொறந்து சொல்லிரு. அத்தே, உங்க கூட்டத் தொட்டுட்டேன். எம்புட்டு லேசு. லேசா. கொடத்து வெலைய நாலு தெரு கேக்கச் சொல்ற வாயில இந்த ஒத்த வரி ஏற மாட்டேங்குது. நெஞ்சுல ஈரம் பட்டுச்சு. குஞ்சு பைக்குள்ளயே எச்சம் போட்டுருச்சு போல. வெள்ளச் சட்டை. எடது கைய எடுத்து நெஞ்ச மூடிக்கிட்டான்.

"என்ன மாப்ள, நெஞ்சுகரிக்கா"ன்னாரு மாமனார். இன்னைக்கு அவரு இவன்கிட்டப் பேசுன மொத வார்த்த அதுதான், எல போட்டாச்சுங்கறதத் தவிர. "இல்ல மாமா, சும்மா, கேஸு." பெரிய மாமாவுக்கு அது மட்டும் நல்லாக் கேட்டுருச்சு. "கேஸுன்னு வுட்டுறாதிய. நம்ம மில்லுக்காரன் மருமவன் இப்படித்தான் கேஸுன்னு சொல்லிக்கிட்டே சோடா குடிச்சான். பாட்டில் மூடி கையில இருக்கு, ஆளு போயிட்டான்." "எண்ணே, சாப்பிடுற எடத்துல என்ன பேச்சு"ன்னாரு மாமனார். "நான் சோடாவச் சொல்லுதேன்டா." ஜெயக்கனி அடுக்களை வாசல்லேருந்து ஒரு அடி உள்ள வந்தா. அவ கண்ணுல பயம். பகடிக்குப் பயந்த கண்ணு இப்ப புருசன் உசுருக்குப் பயப்படுது. அதப் பாத்ததும் லிங்கத்துரைக்கு இன்னும் வெக்கமாப் போச்சு. என் நெஞ்சுக்கு ஒண்ணுமில்ல புள்ள, இங்க இருக்குற நெஞ்சு வேற. "ஒண்ணுமில்ல"ன்னு சொல்ல வாயத் தொறந்தான், அவன் சொல்றதுக்கு முந்தி குஞ்சு சொல்லிருச்சு. ச்சீ. ச்சீ. ச்சீ. நல்லாத் தெளிவா. அம்புட்டுப் பேரும் கைய நிப்பாட்டிட்டாங்க. அப்ப என்ன செஞ்சான் தெரியுமா இந்தப் பெரிய மனுசன். உதட்டக் குவிச்சான், அதே மாதிரி, ச்சீ ச்சீன்னு கத்திக் காட்டுனான். கத்திட்டு, ஒரு சிரிப்பு சிரிச்சான். பொன்செல்வி கையில இருந்த செம்பு ஆட ஆடச் சிரிச்சா. "ஐயோ அத்தான், நம்ம குருவி மாதிரியே கத்துதிய. இன்னொருக்க, இன்னொருக்க." மாமியாகூடச் சிரிச்சுட்டாவ. மாமனார் மீசைக்குள்ள லேசா ஒண்ணு தெரிஞ்சுது. அறுந்த சொந்தம் ஒட்டுது, எதுல ஒட்டுது பாரு, களவாண்ட குஞ்சோட அழுகையில ஒட்டுது. லிங்கத்துரை இன்னொருக்க கத்துனான். பையிலேருந்து பதில் வரல. செத்துருச்சோ. கையால அமுக்கிட்டேனோ. சிரிச்ச மூஞ்சிய அப்படியே வச்சுக்கிட்டு உள்ளங்கைய நெஞ்சுல லேசா வச்சுப் பாத்தான். தட்டுது. என்னோடதா, அதோடதா. ரெண்டு தட்டா, ஒரு தட்டா. கடவுளே, அதோடதா இருக்கட்டும்.

சிரிப்புச் சூட்டுல பேச்சு குருவி மேல போயிருச்சு. "ஆணு எது, பொண்ணு எதுன்னே தெரிய மாட்டேங்கு, ரெண்டுக்கும் கறுத்த தல, ரெண்டுக்கும் கொண்டை, ரெண்டுக்கும் வாலுக்கடியில செவப்பு"ன்னு மாமியா சொன்னாவ. "ரெண்டும் மாறி மாறித்தான் ஊட்டும். தான் திங்க அத்திப்பழம், புள்ளைக்கு மட்டும் புழுவும் பூச்சியும்." பொன்செல்வி செல்லுல பாத்தத எடுத்துவிட்டா. "இந்தக் குஞ்சு நல்லாப் பறக்கப் படிக்கிறதுக்கு முன்னாலயே கூட்ட விட்டு எறங்கிருமாம்மா. கீழ செடிக்குள்ள ஒளிஞ்சுக்கிடுமாம். ஆயும் அப்பனும் அங்க தேடிப் போய் ஊட்டுமாம்." "எறங்கட்டும், எறங்கட்டும். ஆனா மனுசக் கை பட்டா சேக்காது. வாடை புடிச்சுக்கிடும்"னாவ மாமியா. லிங்கத்துரைக்குச் சோறு கல்லாயிருச்சு. அதத்தான இம்புட்டு நேரமும் நெனச்சுக்கிட்டு இருக்கான். கை பட்டாச்சு. பட்டது பட்டாச்சு, இனி கொண்டு வச்சும் புண்ணியமில்ல, அப்புறம் எதுக்கு எந்திரிச்சுச் சொந்தத்தக் கெடுக்கணும், சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல எதாவது மரத்தடியில, யாருக்கும் தெரியாம. அப்படி ஒரு நெனப்பு. அது நெனப்பா, குழி தோண்டுறதா. "அதெல்லாம் சும்மாம்மா"ன்னா பொன்செல்வி. "குருவிக்கு மோப்பமே அவ்வளவாக் கெடையாதாம். குஞ்சு கத்துற சத்தத்த வச்சுத்தான் வருமாம். கையால எடுத்து வச்சாலும் ஊட்டுமாம்." லிங்கத்துரைக்கு மூச்சு வந்துச்சு. வந்த மூச்சு பாதியிலயே நின்னுருச்சு. இம்புட்டு நேரமும் அந்த வாடை ஒண்ணுதான் அவனுக்குத் தொணையா இருந்துச்சு. இனி கொண்டு வச்சும் புண்ணியமில்லன்னு சொல்றதுக்கு அது இருந்துச்சு. இப்ப அதையும் இந்தப் புள்ள புடுங்கிட்டா. குஞ்சு பொழைக்கும். இப்ப எந்திரிச்சாப் பொழைக்கும். எந்திரிக்காம உக்காந்திருக்கது எதுக்குன்னா, இந்த மூஞ்சிக்கு. மூஞ்சி. ஒரு மூஞ்சிக்கும் ஒரு உசுருக்கும் நடுவுல கோழிக்காலப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான் தங்கப்பழம் மருமவன். இன்னும் ஒரு வாய். இந்த வாய முழுங்கிட்டு எந்திரிக்கேன். முழுங்குனான். எந்திரிக்கல. ரசத்துக்கு அப்புறம் எந்திரிக்கேன். ரசம் வந்துச்சு. பைக்குள்ள பெரள்றது கொறஞ்சு போச்சு.

அப்பத்தான் சன்னல்ல அது வந்து உக்காந்துச்சு. கம்பிக்கு அந்தப் பக்கம், கறுத்த கொண்டைய நிமித்திக்கிட்டு, வாயில பச்சையா ஒரு புழு. உள்ள எட்டிப் பாத்துச்சு. கம்பி மாறி உக்காந்துச்சு. புழுவ வாயில வச்சுக்கிட்டே ஒரு மாதிரி கத்துச்சு, வாய் நெறைய சோத்த வச்சுக்கிட்டுப் பேருசொல்லிக் கூப்பிடுற மாதிரி. "இது எதுக்கு இங்க வருது"ன்னு மாமியா ரசச் செம்பக் கீழ வச்சாவ. "கூட்டுக்குல்லா போகணும்." இன்னொண்ணும் வந்துச்சு. அதோட வாயிலயும் ஒரு பூச்சி. ஆணோ பொண்ணோ, ரெண்டும் கம்பிய மாத்தி மாத்திப் பிடிச்சுக்கிட்டு வீட்டுக்குள்ள தேடுது. மாமியா வாசலப் பாத்து ரெண்டு எட்டு வச்சாவ. "ஏட்டி பொன்செல்வி, கூட்டப் போய்ப் பாரு. காக்கா வந்துட்டுதா என்னமோ." அந்தக் கொரல். போன்ல ஏளான்னு கூப்பிடுற கொரல் இப்ப வேற மாதிரி வந்துச்சு. லிங்கத்துரை வாய் தானாத் தொறந்துச்சு. "அத்தே, குஞ்சு எங்கிட்ட இருக்கு. என் பையில." பொன்செல்விதான் மொதல்ல. வாயப் பொத்திக்கிட்டு, குனிஞ்சு, சிரிச்சுச் சிரிச்சு உக்காந்துட்டா. பெரிய மாமா என்னன்னு கேட்டு, சொன்ன பெறகு, "பையிலயா, கோழிய எலையில வச்சாச்சு, குருவியப் பையில வச்சுட்டாரா"ன்னு தொடையத் தட்டிச் சிரிச்சாரு. மாமனாரும் சிரிச்சாரு. கல்யாணத்துக்கு அப்புறம் இன்னைக்குத்தான் அவரு மனசாரச் சிரிக்காரு. ஜெயக்கனி மட்டும் சிரிக்கல. போதும் வாய மூடுங்கன்னு கண்ணால கெஞ்சுனா. வாழ்க்கையில மொதத் தடவையா ஒரு உண்மையச் சொன்னேன், அதையும் சிரிச்சே தள்ளிட்டாங்க. குத்தம் அவங்க மேலயா. பேச ஆரம்பிச்ச நாள்லேருந்து நான் வித்த சரக்கு அதுதான, வேற என்ன கெடைக்கும் எங்கிட்டன்னு எதிர்பாப்பாங்க. சன்னல்ல ரெண்டும் கத்துது. பைக்குள்ள சத்தமில்ல. லிங்கத்துரை எடது கைய எல ஓரமா ஊண்டி, எந்திரிச்சான்.

சிரிப்பு அறுந்துச்சு. மாமனார் கையில உருண்ட சோறு கையிலயே நின்னுச்சு. "என்ன மாப்ள"ன்னாரு, மெதுவா, அந்தப் பாயாச வாளியப் பிடிச்சிருந்த கொரல்ல. லிங்கத்துரை என்ன பதில் சொன்னாலும் அதுவும் பகடியாத்தான் போகும். எடது கைய பைக்குள்ள விட்டான். வெதுவெதுன்னு, ஈரமா, நகம் மாட்டுன சட்ட நூலோட வெளிய எடுத்தான். உள்ளங்கையில வச்சு எல்லாருக்கும் தெரியுற மாதிரி நீட்டிக் காட்டுனான். கொண்டை இன்னும் மொளைக்கல, வாலு அறுத்துவிட்ட மாதிரி மொட்டையா இருக்கு, கண்ணு மூடியிருக்கு. வெள்ளச் சட்டையில நெஞ்சுக்கு நேரா பச்சையும் வெள்ளையுமாக் கறை. பெரிய மாமா கழுத்த நீட்டிப் பாத்தாரு. ஜெயக்கனி சுவத்தப் பிடிச்சுக்கிட்டா. அவ மூஞ்சியப் பாக்க இவனுக்குத் தெம்பில்ல. வாசலத் தாண்டி ஷெட்டுக்குப் போனான். கூடு சாஞ்சு தொங்குது, அதுல வைக்க முடியாது. ஷெட்டுக்குப் பக்கத்துல செம்பருத்திச் செடி இருக்கு, அதுல தாழ்வா ஒரு கவட்டையில வச்சான். குஞ்சு சரிஞ்சுது. விரல வச்சுத் தாங்குனான். ஏ, பிடி, பிடிச்சுக்கயேன், எஞ்சட்டையப் பிடிச்சமாதிரி பிடியேன். கொஞ்ச நேரம் ஒண்ணுமில்ல. அப்புறம் நகம் கொம்பச் சுத்திப் பிடிச்சுது. கண்ணத் தொறந்துச்சு. தொறந்து, இவனப் பாத்து, கழுத்த நீட்டி, செக்கச்செவேர்னு வாயத் தொறந்துச்சு. ஊட்டுவான்னு நெனச்சுருச்சு. தூக்குனவங்கிட்டயே வாயத் தொறக்கு. லிங்கத்துரைக்குக் கண்ணு கரிச்சுது. வலது கையில கோழிக்கொழம்புச் சோறு காஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கு, வேற ஒண்ணுமில்ல அவங்கிட்டக் குடுக்க.

பின்னால சீல சரசரப்பு. மாமியா. கூட்டப் பாத்தாவ, செடியப் பாத்தாவ, கறையப் பாத்தாவ. "கூட்டத் தொட்டியளா." "தொட்டேன் அத்தே." "எதுக்கு." "போட்டோ எடுத்துச் சிரிக்கதுக்கு." வையவாவன்னு காத்துக்கிட்டு இருந்தான். வஞ்சா நல்லாருக்கும். வஞ்சா அதப் பிடிச்சுக்கிட்டு நிக்கலாம். அத்த வையல. சன்னல்லேருந்து ரெண்டும் செம்பருத்திக்கு மேல போற கரண்டுக் கம்பியில வந்து உக்காந்து, எறங்குறதும் ஏறுறதுமா, புழுவ விடாம வாயில வச்சுக்கிட்டு இருக்கு. அதத்தான் பாத்தாவ. "நகருங்க மாப்ள"ன்னாவ. "நீங்க நின்னா அது எறங்காது." நகந்தான். ரெண்டு எட்டு. குருவி எறங்கல. "இன்னும்." ஷெட்டு ஓரம் வரைக்கும் போனான். "இன்னும் போங்க." எதுவரைக்கும்னு அவங்க சொல்லல, இவனும் கேக்கல. வெளிக்கேட்டத் தொறந்து தெருவுக்கே போயிட்டான். உச்சி வெயிலு. கறைபட்ட புதுச்சட்டையோட, எச்சிக் கையோட, மாமனார் வீட்டுக்கு வெளிய நின்னான். அந்தப் பக்கமா மொபெட்டுல போன ஊர்க்காரர் ஒருத்தர் வண்டிய மெதுவாக்கி, "என்ன மருமவனே, விருந்து எலைய விட்டுட்டு வெளிய நிக்கிய"ன்னாரு. நாலஞ்சு பகடி நாக்கு நுனிக்கு வந்து முண்டிக்கிட்டு நின்னுச்சு. லிங்கத்துரை ஒண்ணையும் வெளிய விடல. "நான் நின்னா குருவி எறங்காதாம்ணே"ன்னான். அவரு தலைய ஆட்டி ஆட்டிச் சிரிச்சுக்கிட்டே போனாரு.